கீழைக்காட்டின் கதை – 9: வெள்ளைப் புள்ளியும் மஞ்சள் கோடும்

1924-இல் புணானையில் கப்டன் ஷெல்டன் ஏகாரின் குண்டுக்கு விழுந்த ஆட்கொல்லிச் சிறுத்தையோடு சென்ற இதழை முடித்தோம். பாடம் செய்யப்பட்ட அதன் உடல் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெரிய விலங்குகளுக்கு இப்படி ஒரு வரலாறு கிடைத்துவிடும். யார் சுட்டார், எந்த ஆண்டு, எந்த ஊர் என்பதெல்லாம் ஏட்டில் ஏறிவிடும். அந்தச் சிறுத்தைக்கும் அதன் முன்னோருக்கும் அதே காட்டில் தலைமுறை தலைமுறையாக இரையாகி வந்த ஒரு சின்ன உயிர் உண்டு. அது ஒன்றல்ல, இரண்டு என்று சொல்ல அறிவியலுக்கு 228 ஆண்டுகள் பிடித்தன. இந்த இதழ் அந்த உயிருக்கு உரியது.

வாழைச்சேனையிலிருந்து ஓட்டமாவடிப் பாலத்தைத் தாண்டி, நாவலடி கடந்து மேற்கே திரும்பினால் வயலும் தரவையும் குறைந்து புணானைக் காடு தொடங்கும். பாலை, வீரை, முதிரை என்று வறண்ட நிலத்துக்கே உரிய மரங்கள். தெற்கே குடும்பிமலை வரையிலும், அதற்கு அப்பால் மாதுறு ஓயா வரையிலும் இந்தக் காட்டின் தொடர்ச்சி நீள்கிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் தரையெங்கும் சருகு காய்ந்து கிடக்கும். அந்தச் சருகோடு சருகாகப் பகலெல்லாம் அசையாமல் படுத்துக் கிடந்து, இருட்டிய பிறகு மேய வருவதுதான் சருகுமான். உக்குளான் என்றும் சொல்வார்கள். முயலை விடச் சற்று உயரம். குச்சி போன்ற கால்கள். முதுகு வளைந்து, பின்பகுதி முன்பகுதியை விட மேடாக இருக்கும். பழுப்பு உடலில் வரிசை வரிசையாக வெள்ளைப் புள்ளிகள். ஆபத்தை உணர்ந்தால் ஓடுவதற்கு முன் உறைந்து நிற்கும்; சில வேளை பின்னங்காலால் தரையைப் படபடவெனத் தட்டும்.

கொட்டியாரத்துக் கைதி

இந்த உயிர் ஐரோப்பிய ஏட்டில் ஏறிய கதை நம் கரையிலிருந்தே தொடங்குகிறது. 1659 இறுதியில் மசூலிப்பட்டினத்தில் புயலில் சிக்கிப் பாய்மரம் இழந்த ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பல், பழுதுபார்ப்பதற்காகக் கொட்டியாரக் குடாவுக்கு வந்து சேர்ந்தது. வாகரை, வெருகல் வழியே வடக்கே போனால் வரும் மூதூர்க் கரை அது. 1660-இல் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் கப்பல் தலைவரையும், அவருடைய பத்தொன்பது வயது மகன் றொபேட் நொக்ஸையும், மாலுமிகள் சிலரையும் பிடித்து மலைநாட்டுக்குக் கொண்டுபோனார்கள். தந்தை மறு ஆண்டே காய்ச்சலில் இறந்தார். மகன் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் கண்டி இராச்சியத்தில் கைதியாக வாழ்ந்தார். ஆனால் அடைபட்ட கைதியாக அல்ல; ஊருக்குள் வீடு கட்டி, தொப்பி பின்னி விற்று, நெல் கடன் கொடுத்துப் பிழைத்தார். 1679-இல் அனுராதபுரம் வழியாகக் காட்டுக்குள் நடந்து தப்பி, ஒல்லாந்தர் வசமிருந்த அரிப்புக் கோட்டையை அடைந்தார். 1681-இல் இலண்டனில் வெளிவந்த அவருடைய நூலுக்கு முன்னுரை எழுதியவர் நுண்ணோக்கியால் புகழ்பெற்ற றொபேட் ஹுக்.

அந்த நூலில், தீவின் விலங்குகளைச் சொல்லும் பகுதியில், ஒரு சின்ன விலங்கைப் பற்றிச் சில வரிகள் மட்டும் வருகின்றன. முயலளவே இருக்கும், ஆனால் உறுப்புக்கு உறுப்பு மானையே ஒத்திருக்கும். சாம்பல் நிறம், வெள்ளைப் புள்ளி. இறைச்சி நன்றாக இருக்கும். சிங்களவர் வழங்கிய பெயரைக் காதில் விழுந்தபடி ‘மெமின்னா’ என்று எழுதினார் நொக்ஸ். சாம்பல் நிறம், வெள்ளைப் புள்ளி என்ற இரண்டையும் வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மஞ்சள் என்று எங்குமே நொக்ஸ் சொல்லவில்லை.

அதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1777-இல், ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் இருந்த யோகான் எர்க்ஸ்லேபன் பாலூட்டிகளை வகைப்படுத்தி ஒரு பெருநூல் எழுதினார். ஜெர்மனியில் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் பெண்மணியான டொரத்தியா எர்க்ஸ்லேபனின் மகன் அவர். இலங்கையை அவர் கண்டதில்லை. லின்னேயஸ் வகுத்த முறைப்படி இந்த விலங்குக்கு ‘மொஸ்கஸ் மெமின்னா’ என்று பெயரிட்டார். வாழிடம் எது என்றால் இலங்கை. அவ்வளவுதான். மழைக்காடா வறண்ட காடா, கரையா மலையா என்ற கேள்வி அன்று யாருக்கும் எழவில்லை. அதே ஆண்டில் முப்பத்துமூன்று வயதில் எர்க்ஸ்லேபன் இறந்துபோனார். அவர் வைத்த பெயரின் பின்பாதி இன்றும் நிற்கிறது.

மானே அல்லாத மான்

முன்பாதி நிற்கவில்லை. ‘மொஸ்கஸ்’ என்பது இமயமலைக் கத்தூரி மானின் பேரினப்பெயர். கொம்பு கிடையாது, மேல்தாடையில் கோரைப்பல் நீண்டிருக்கும் என்ற இரண்டு ஒற்றுமைகளை வைத்துச் சருகுமானையும் அந்தக் குடும்பத்தில் சேர்த்துவிட்டார்கள். வெளித்தோற்றத்தை வைத்து உறவு சொன்னதால் வந்த பிழை அது. உள்ளே திறந்து பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது.

சருகுமானின் காலைக் கையில் எடுத்துப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது குளம்பு. நடுவில் இரண்டு குளம்புகள் தரையைத் தொடும். அவற்றுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சின்னக் குளம்புகள் இருக்கும். மற்ற மான்களுக்கும் இப்படிப் பின்குளம்பு உண்டு. ஆனால் அவற்றில் அதற்குரிய எலும்பு தேய்ந்து துண்டாகிப் போயிருக்கும். சருகுமானுக்கோ நான்கு விரல்களின் எலும்பும் மேலிருந்து கீழ்வரை முழுமையாக இருக்கும், பன்றியின் காலில் இருப்பதைப் போல. மண்டையோட்டைத் திருப்பிப் பார்த்தால், அசைபோடும் விலங்குகளுக்கே உரியபடி மேல்தாடையின் முன்புறம் வெட்டுப்பல் இல்லை. ஆணாக இருந்தால் இருபுறமும் கத்திமுனை போன்ற கோரைப்பல் கீழ்நோக்கி வளைந்திருக்கும். அடுத்தது வயிறு. ஆடு, மாடு, மான் எல்லாவற்றுக்கும் இரைப்பையில் நான்கு அறைகள் உண்டு. சருகுமானுக்கு மூன்றாவது அறை வளர்ச்சி குன்றிக் கிடக்கும். கத்தூரி சுரக்கும் பையும் கிடையாது.

1864-இல் பாரிஸில் அல்போன்ஸ் மில்ன்-எட்வர்ட்ஸ் இந்த உடற்கூற்றையெல்லாம் விரிவாக ஆராய்ந்து, சருகுமான்களைக் கத்தூரி மானிடமிருந்து பிரித்துத் தனிக் குடும்பமாக்கினார். மான், மாடு, ஆடு, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் தமக்குள் கிளைபிரிவதற்கு முன்பே தனிவழி போய்விட்ட பழங்குலம் இது. இவற்றின் உறவினங்களுடைய புதைபடிவங்கள் ஐரோப்பாவிலும் இமயத்தின் அடிவாரச் சிவாலிக் குன்றுகளிலும் கிடைத்திருக்கின்றன. ஒரு காலத்தில் பரந்து வாழ்ந்த அந்தக் குலத்தில் இன்று எஞ்சியிருப்பவை மூன்று கிளைகள். மத்திய, மேற்கு ஆபிரிக்காவில் ஒன்று. தென்கிழக்கு ஆசியாவில் ஒன்று. இந்தியாவிலும் இலங்கையிலும் ஒன்று. வாழைச்சேனைக் காட்டோரத்தில் இரவில் சருகு மிதித்து நடப்பது, அந்த மூன்றாம் கிளை.

பெட்டியில் கிடந்த தோல்கள்

1852-இல் பிரித்தானிய அருங்காட்சியகத்தின் ஜோன் எட்வர்ட் கிரே, இந்தியச் சருகுமானுக்குத் தனிப்பெயர் கொடுத்தார். பின்வந்தவர்கள் அதை ஏற்கவில்லை. இந்தியாவில் இருப்பதும் இலங்கையில் இருப்பதும் ஒன்றே என்று கருதி, எல்லாவற்றையும் மெமின்னாவிலேயே அடக்கினார்கள். 1935-இல் தேயிலைத் தோட்டக்காரரான டபிள்யூ. டபிள்யூ. ஏ. பிலிப்ஸ் எழுதிய இலங்கைப் பாலூட்டிகள் கையேடு, இந்தத் தீவின் விலங்குகளைப் பற்றி அரைநூற்றாண்டுக்கு மேல் முதல்நூலாக விளங்கியது. அந்தக் காலமெல்லாம் இலங்கையில் சருகுமான் என்றால் ஒரே இனந்தான்.

இதற்கிடையில் வேறொரு வேலை ஓசையில்லாமல் நடந்தது. 1911-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இந்தியா, பர்மா, இலங்கை முழுவதற்குமாகப் பாலூட்டிகள் கணக்கெடுப்பு ஒன்றைத் தொடங்கியது. இலங்கையில் அதற்காக ஊர் ஊராகச் சேகரித்தவர் மேஜர் ஈ. டபிள்யூ. மேயர். இலங்கைக்கே உரிய ஒரு காட்டு எலி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்தச் சேகரங்களின் மதிப்பு தோலிலும் மண்டையோட்டிலும் மட்டும் இல்லை. ஒவ்வொன்றின் காலிலும் கட்டப்பட்ட சீட்டில் இருக்கிறது: எந்த ஊர், எந்த நாள், எவ்வளவு உயரம், ஆணா பெண்ணா. வேட்டைக்காரர் சுவரில் மாட்டிய தலைகளுக்கு இந்தச் சீட்டு கிடையாது. அதனால் அவை எவ்வளவு அழகாக இருந்தாலும் எந்தக் கேள்விக்கும் விடை சொல்லாது.

இலங்கையில் இருப்பது ஒரே இனந்தானா என்ற கேள்வியைக் கேட்டவர் கொலின் குரோவ்ஸ். 1942-இல் இங்கிலாந்தில் பிறந்து, கன்பராவிலுள்ள அவுஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். உலகின் அருங்காட்சியகங்களில் இழுப்பறை இழுப்பறையாகத் திறந்து மண்டையோடுகளை அளப்பதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டவர். 1998-இல் அவர் தேவாங்குகளை ஆராய்ந்து, இலங்கையின் ஈரவலயத்தில் வாழும் சிவந்த சிறு தேவாங்கு வேறு, வறண்ட வலயத்துச் சாம்பல் தேவாங்கு வேறு, அவை ஓர் இனமே அல்ல என்றார். ஒரு விலங்கில் தெரிந்த கோடு இன்னொன்றிலும் தெரியுமா என்று பார்ப்பதுதானே ஆய்வாளரின் இயல்பு? 2004-இல் எரிக் மெய்யார்ட் என்ற டச்சு ஆய்வாளரோடு சேர்ந்து தென்கிழக்கு ஆசியச் சருகுமான்களை மறுபடி வகைப்படுத்தி, ஆறு இனங்கள் என்று நிறுவினார். அடுத்த ஆண்டே இருவரும் நம் பக்கம் திரும்பினார்கள்.

2005-இல் சிங்கப்பூரிலிருந்து வெளிவரும் ராஃபிள்ஸ் விலங்கியல் இதழ், இலங்கையின் உயிர்வளத்துக்கென்றே ஒரு சிறப்பிதழ் கொண்டுவந்தது. அதில் குரோவ்ஸும் மெய்யார்டும் எழுதிய கட்டுரை ஒன்பதே பக்கம். இந்தியச் சருகுமான் தனி இனம், கிரே சொன்னதே சரி என்றார்கள். இலங்கையில் இருப்பது ஒன்றல்ல, குறைந்தது இரண்டு என்றார்கள். வறண்ட வலயத்தில் வெள்ளைப் புள்ளியோடு வாழ்வதற்குப் பழைய பெயரின் பின்பாதி நின்றது. இந்திய, இலங்கைக் கிளையின் பேரினப்பெயரோடு சேர்ந்து அது மொஸ்கியோலா மெமின்னா. தென்மேற்கின் ஈரக்காட்டில், செம்மை கலந்த மஞ்சள் பழுப்பு மேனியும் விலாவில் நீளவாட்டில் மஞ்சள் கோடுகளுமாக வாழ்வதற்கு மொஸ்கியோலா கதிக்ரே என்ற புதுப்பெயர் வந்தது. மத்திய மலைநாட்டில் மூன்றாவதாக இன்னொன்று இருக்கக்கூடும் என்ற குறிப்பையும் சேர்த்தார்கள். அதற்குப் பெயரிடவில்லை, பெயரிடப் போதுமான ஆதாரம் கையில் இல்லை என்பதால்.

நொக்ஸ் எழுதிய சாம்பலும் வெள்ளையும் இந்த இடத்தில் பொருள் பெறுகின்றன. அவர் கண்டி மலைகளில் இருந்துகொண்டு எழுதினாலும், அந்தச் சொற்கள் இன்று பொருந்துவது நம் கிழக்கு, வடக்குக் காடுகளில் வாழும் விலங்கோடு.

கோடு எங்கே விழுகிறது

ஒரு சின்னத் தீவுக்குள், நடுவில் கடலோ பேராறோ குறுக்கிடாமல், இரண்டு இனம் எப்படி வந்தது? விடை மழையில் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் மழையை மத்திய மலைகள் தடுத்து நிறுத்திவிடுகின்றன. கொழும்பு, காலி, இரத்தினபுரிப் பக்கம் ஆண்டுக்கு 2,500 மில்லிமீற்றருக்கு மேல் பெய்யும். காடு எப்போதும் ஈரமாகவே கிடக்கும். மலையைத் தாண்டி வரும் அதே காற்று நமக்குக் கச்சான்; சுட்டெரிக்கும் வறட்சி. நமக்கு மழை வாடைக்காற்றோடு வரும், மாரி மாதங்களில் மட்டும். இந்த வேறுபாடு நேற்று வந்ததல்ல, பன்னெடுங்காலமாக நிலைத்தது. ஈரத்தில் வாழ்ந்தது ஈரத்துக்கும், வறட்சியில் வாழ்ந்தது வறட்சிக்கும் ஏற்ப மாறியது. தேவாங்கில் கண்ட கோடு சருகுமானிலும் அதே இடத்தில் விழுவதற்குக் காரணம் இதுவே.

இந்தப் பிரிப்பை எல்லோரும் தயங்காமல் ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. குரோவ்ஸ் பின்பற்றிய கொள்கை எளிது. ஒரு கூட்டத்தை மற்றொன்றிலிருந்து மாறாத அடையாளத்தால் பிரித்தறிய முடிந்தால் அது தனி இனம். 2011-இல் பீட்டர் குரப்புடன் சேர்ந்து அவர் எழுதிய குளம்பு விலங்குகள் வகைப்பாட்டு நூல், இந்தக் கொள்கைப்படி உலகின் மான், மறி, ஆட்டினங்களின் எண்ணிக்கையை வெகுவாக உயர்த்தியது. 2013-இல் ஃபிராங்க் சாக்கோஸும் வேறு பல பாலூட்டி ஆய்வாளர்களும் இதை எதிர்த்து எழுதினார்கள். சில மண்டையோடுகளை வைத்து இனம் பெருக்குவது பாதுகாப்புக்கு உதவாது, குழப்பத்தையே தரும் என்பது அவர்கள் வாதம். நியாயமான எச்சரிக்கை அது. ஆனால் சருகுமான் விடயத்தில் நிறம், கோடு, மண்டையோட்டு அளவு, வாழும் வலயம் எல்லாம் ஒரே பக்கம் நின்று சாட்சி சொல்கின்றன. உலகப் பாதுகாப்புப் பட்டியலும் இன்று இலங்கையின் இரண்டையும் இரண்டாகவே கொள்கிறது.

மரபணு ஆய்வும், வேறொரு மானை வைத்து, இந்தத் தீவைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டது. 2017-இல் செந்நிறக் குரைக்கும் மான்களின் இழைமணி மரபணுவை ஆராய்ந்தவர்கள், அவை மூன்று தொன்மையான கிளைகளாகப் பிரிவதைக் கண்டார்கள். ஆசியப் பெருநிலத்தில் ஒன்று, சுந்தா தீவுகளில் ஒன்று, இலங்கையும் மேற்குத் தொடர்ச்சி மலையும் சேர்ந்து ஒன்று. கடல்மட்டம் தாழ்ந்திருந்த காலத்தில் பாக்கு நீரிணை தரையாக இருந்தது. காடும் விலங்கும் அந்த வழியாக இரு கரைக்கும் பொதுவாக இருந்தன. அந்த ஆய்வுக்குக் கைகொடுத்தவையும் பெரும்பாலும் அருங்காட்சியகங்களில் கிடந்த பழைய மாதிரிகளே.

வேட்டைக்காரர் கண்ட உண்மை

உலகில் வேறு இடங்களில் சின்ன மான்கள் அடையாளம் காணப்பட்ட கதைகளையும் ஒருமுறை பார்த்துவிடலாம். 1997-இல் பர்மாவின் வடகோடியில், பூட்டாவோ பகுதியில், அலன் ரபினோவிட்ஸ் ஒரு சின்ன மானின் உடலைப் பார்த்தார். குட்டி என்று நினைத்தார். பல்லைப் பார்த்தபோது முதிர்ந்த பெண் என்று தெரிந்தது. ஊர் வேட்டைக்காரர்களுக்கு அது புதிதல்ல. அந்த மான் அவ்வளவுதான் வளரும் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்கள் கொடுத்த மாதிரிகளை நியூயோர்க்கில் மரபணுச் சோதனைக்கு உட்படுத்தி, 1999-இல் இலை மான் என்று புதிய இனமாக அறிவித்தார்கள். வியட்நாமில் 1910-இல் பெயரிடப்பட்ட வெள்ளிமுதுகுச் சருகுமான் பல பத்தாண்டுகளாக யார் கண்ணிலும் படாமல் இருந்தது. ஆய்வாளர்கள் கரையோர ஊர்களுக்குப் போய், சாம்பல் முதுகுச் சருகுமானைப் பார்த்ததுண்டா என்று ஊரவரையும் வனக்காவலரையும் கேட்டார்கள். உண்டு என்று அவர்கள் காட்டிய காட்டில் தானியங்கிக் கமராவை வைத்தார்கள். 2019 நவம்பரில் படத்தோடு செய்தி வந்தது. 2024-இல் பெரு நாட்டின் மலைக்காட்டிலிருந்து ஒரு குறுமான் புதிய இனமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. நம் மலைநாட்டிலும் 2008-இல் ஒரு காட்சி பதிவானது. பழுப்புக் கீரி துரத்த, ஒரு சருகுமான் குளத்தில் பாய்ந்து நீருக்குள் மூழ்கி ஒளிந்தது. கீரி போனதும் மேலே வந்தது, மறுபடி துரத்தவே மறுபடி மூழ்கியது. நீரில் ஒளிவது ஆபிரிக்கக் கிளைக்கு மட்டுமே உரிய பழக்கம் என்றிருந்த எண்ணத்தை அது மாற்றியது. 2010-இல் மெய்யார்ட் உள்ளிட்டோர் அதை ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள்.

இந்தக் கதைகளில் முதல் அறிவு காட்டோரத்து மனிதரிடம் இருந்தது, அல்லது அங்கே நின்று கவனித்தவரிடம் இருந்தது. அறிவியல் செய்தது, அந்த அறிவோடு இடத்தையும் நாளையும் மாதிரியையும் சேர்த்துக் கட்டியது.

நம் பக்கத்துக் கணக்கு

2005-இல் அந்தக் கட்டுரை அச்சேறியபோது குடும்பிமலைக் காடு போரின் நடுவில் இருந்தது. 2007 யூலை வரை அங்கே துப்பாக்கிதான் பேசியது. ஆய்வாளர் காலடி வைக்கும் நிலை இருக்கவில்லை. மெமின்னா என்ற பழம்பெயரைத் தாங்கும் விலங்கு நம் காட்டிலேயே வாழ்ந்தும், அதற்காகப் பேசியவை தூரத்து ஊர்களின் இழுப்பறைகளில் கிடந்த தோல்கள்.

இரண்டு இனம் என்று அறிந்ததால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நேரான விடை உண்டு. ஒரே இனம் என்றிருந்த காலத்தில், தென்மேற்கில் மக்கள் நெருக்கத்தாலும் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களாலும் துண்டு துண்டாகிப்போன ஈரக்காடுகளில் சருகுமான் அற்றுப்போயிருந்தாலும், கிழக்கில் நிறைய இருக்கிறதே என்று கணக்கு முடிந்திருக்கும். மஞ்சள் கோட்டுச் சருகுமான் உலகிலிருந்தே போனது யாருக்கும் தெரிந்திருக்காது. இதே கணக்கு மறுபக்கமும் பொருந்தும். நம் காட்டில் வெள்ளைப் புள்ளிக்காரன் குறைந்தால், சிங்கராஜவில் இருப்பது அதற்கு ஈடாகாது.

குறைவதற்கான காரணங்கள் கண்முன்னே இருக்கின்றன. மகாவலித் திட்டத்தின் ‘பி’ வலயத்துக்காக மாதுறு ஓயாப் படுகையில் பெருங்காடு வெட்டப்பட்டது. 1983-இல் அமைந்த மாதுறு ஓயா தேசிய பூங்கா, எஞ்சியதில் ஒரு பகுதியைக் காக்கிறது. 1937-ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருந்தும் கண்ணியும் கட்டுத்துவக்கும் நின்றபாடில்லை. பன்றிக்கு வைத்த கண்ணி சருகுமானையும் பிடிக்கும். காடறுத்துப் போகும் வீதிகளில் இரவு வாகனங்களுக்கு முன்னால், ஆபத்தில் உறைந்து நிற்கும் அதன் பழைய இயல்பே அதற்கு எமனாகிறது.

வீதியோரம் அடிபட்டுக் கிடக்கும் சருகுமானைக் காணும் ஆசிரியரோ மாணவரோ பட்டிக்காரரோ செய்யக்கூடியது ஒன்று உண்டு. தொடாமல் ஒரு படம் எடுங்கள், விலாவும் பின்தொடையும் தெரியும்படி. ஊரையும் நாளையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழக விலங்கியல் துறைக்கோ வனசீவராசிகள் திணைக்களத்துக்கோ அறிவியுங்கள். மேயர் ஒவ்வொரு தோலின் காலிலும் கட்டிய சீட்டு இதுதான். இன்று அதைக் கட்டத் துப்பாக்கி தேவையில்லை. எர்க்ஸ்லேபன் எழுதிய ‘இலங்கை’ என்ற ஒற்றைச் சொல்லைப் பிரித்துப் பார்க்க 228 ஆண்டுகள் போனதற்குக் காரணம், எங்கே என்ற விவரம் கிடைக்காததே. மலைநாட்டின் மூன்றாவது சருகுமான் இன்னும் பெயரின்றி நிற்கிறது. கிழக்கின் ஊர்ப்பெயர்கள், புணானை, வாகரை, குடும்பிமலை, கிரான், இனி எழுதப்படும் பதிவுகளில் இடம்பெற வேண்டும். அவற்றை எழுத வேண்டியவர்கள் இங்கே வாழ்கிற நாம்.

அடுத்த இதழில்: மாதுறு ஓயாவின் யானைப் பாதைகள்.

(தொடரும்)